துளை விழாத கட்டம்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். இருபத்து மூன்று வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். அதை வைத்துக்கொண்டு நான் ஆடாத ஆட்டம் இல்லை. திருநின்றவூரிலிருந்து காலை வண்டியில் மெட்ராசுக்கு வேலைக்குப் போன பெண்களில் பாதிப் பேர் டைப்பிஸ்டுகள், மீதிப் பேர் டீச்சர்கள். நான் கம்ப்யூட்டருக்குப் போனேன். கரி எஞ்சின் இழுத்த அந்த வண்டியில் யாராவது, "எங்கம்மா வேலை?" என்று கேட்டால் போதும், ஆவடி வருவதற்குள் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று பாடம் எடுத்து முடித்திருப்பேன். கேட்டவர் பாவம், இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கம்ப்யூட்டர் எங்களுடையது அல்ல. ஒரு கல்வி நிறுவனத்தில், குளிர்சாதனம் போட்ட ஒரு கூடம் முழுக்க அது நின்றது. நான் வேலை பார்த்தது நெஞ்சுநோய் பற்றிய ஓர் ஆய்வுப் பிரிவில். வாரத்துக்கு இரண்டு மத்தியானங்கள் அந்த இயந்திரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே இருந்த ஊர்களில் வீடு வீடாகப் போய், காசநோய் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து மருந்து கொடுப்பது பிரிவின் வேலை. நோயாளிகளின் விவரத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வைத்தியம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று பார்ப்பது ஆராய்ச்சி. எங்கள் தலைமை டாக்டருக்கு அந்த ஆராய்ச்சியில் கொள்ளை ஆசை. எனக்கு அவரைவிட அதிகம்.

வேலை நடந்த விதம் இதுதான். எக்ஸ்ரே வேன் ஒரு ஊருக்குப் போகும். அந்த ஊரில் இருக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு படிவம். நர்சுகள் பெயர், வயது, இருமல் உண்டா இல்லையா என்று எழுதி, நெஞ்சைப் படம் எடுத்து, படத்தையும் படிவத்தையும் மெட்ராசுக்கு அனுப்புவார்கள். இங்கே இரண்டு டாக்டர்கள் படத்தைப் பார்த்துப் படிவத்தின் நாற்பத்திரண்டாம் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதுவார்கள். பூஜ்யம் என்றால் நெஞ்சு சுத்தம். ஒன்று என்றால் சந்தேகம். இரண்டு என்றால் நோய். பிறகு அந்தப் படிவத்தை அப்படியே அட்டையில் துளைகளாகப் போடுவார்கள், ஆளுக்கு ஓர் அட்டை. நான் எழுதிய புரோகிராம் அட்டைகளைப் படித்து, நீளமான மடிப்புத் தாளில் பட்டியல் அடித்துத் தரும். பட்டியலில் ஒன்றோ இரண்டோ உள்ளவர்களுக்குத்தான் சளி சோதனையும் ஊசி மருந்தும். மற்றவர் பெயருக்கு நேரே 'நார்மல்' என்று அச்சாகும்.

வேன் வந்த அன்று ஊரில் இல்லாதவர்களுக்கு? அதற்கும் வழி வைத்திருந்தேன். 'படம் எடுக்காதவர்களுக்கு இக்கட்டத்தைக் காலியாக விடவும்' என்று நர்சுகளுக்குப் படிவத்தின் அடியில் ஒரு குறிப்பு. அந்தப் படிவங்கள் டாக்டர்களிடம் போகாமல் நேராக அட்டைக்குப் போகும். அந்தப் படிவத்தைக் கோடு போட்டு வரைந்தவள் நான், குறிப்பை எழுதியவளும் நான். முன்பெல்லாம் நர்சுகள் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நகல் எடுத்துத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்கிறதே, நகல் எதற்கு என்று டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்தியதும் நான்தான். வேலை மிச்சமாகிறது என்று நர்சுகள் சந்தோஷப்பட்டார்கள், ஒருவரைத் தவிர.

அவர் பழவேற்காட்டுக் குப்பங்களைப் பார்த்துக்கொண்ட நர்சு. நாற்பத்தைந்து வயது இருக்கும், பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். சின்னப் பையன்களையெல்லாம் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். கையில் எப்போதும் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. நாங்கள் அவரை சிஸ்டர் என்போம், அவர் என்னை மேடம் என்பார். என் வயதுக்கு அந்த மேடம் அதிகம் என்று எனக்கே தெரியும், ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மாதம் ஒரு முறை பொன்னேரியில் இருந்த எங்கள் கிளை அலுவலகத்துக்கு நானே பட்டியல்களைக் கொண்டுபோவேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மடிப்புத் தாளை மேசைமேல் போட்டு, அது தானாகச் சரிந்து விரிவதை நாலு பேர் வாயைப் பிளந்து பார்ப்பதை நான் பார்க்க வேண்டுமே. அப்படிப் போன ஒரு நாள், சிஸ்டர் தன் குப்பத்துப் பட்டியலில் விரலை வைத்து ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மேடம், இந்தாளுக்கு நார்மல்னு போட்டுக்கீது. ஆனா ஆளு ரெண்டு மாசமா இருமிக்கினே கீறாரு. தூங்கசொல்ல வேத்து ஊத்துதாம். எனக்கு நல்லா படல."

"ரெண்டு டாக்டர் பாத்து எழுதினது சிஸ்டர். அவங்க எழுதினத மிஷின் மாத்தி எழுதாது."

"அதில்ல மேடம். அன்னிக்கு வேன் வந்தப்ப இந்தாளு வந்தாரான்னே டவுட்டா கீது. அன்னிக்கு அவங்க ஆளுங்களுக்குப் பாடு."

பாடு என்றால் என்ன என்று அதற்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள். பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் நன்றாக விழும் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இந்த நாள் இந்தக் குழுவுக்கு என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளில் எவனும் கரையில் நிற்க மாட்டான். விட்டால் அடுத்த சுற்று வரும்வரை அந்த நல்ல இடம் கிடைக்காது. நாங்களோ மெட்ராசில் உட்கார்ந்து, வேன் ஓட்டுநருக்கு எந்த நாள் வசதி என்று பார்த்துத் தேதி குறிப்போம்.

சிஸ்டர் சொன்னதை நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"படமே எடுக்காம நார்மல்னு எப்படி சிஸ்டர் வரும்? மிஷின் என்ன ஜோசியமா பாக்குது?"

பக்கத்து மேசை கிளார்க் விழுந்து விழுந்து சிரித்தார். சிஸ்டரின் முகம் சிவந்துபோயிற்று. விரலை அந்தப் பெயர்மேலிருந்து எடுக்காமல், "அந்தப் படத்தத் தேடி எடுத்து ஒரு தபா பாக்க முடியாதா மேடம்?" என்று கேட்டார்.

"ஆயிரக்கணக்குல படம் கட்டி வெச்சிருக்கோம். ஒண்ணொண்ணாத் தேடறதுக்கா கம்ப்யூட்டர் வாங்கினது?" என்றேன். நாங்கள் கம்ப்யூட்டர் வாங்கவே இல்லை, ஓசியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது வேறு கதை.

"அப்ப நீங்களே ஒரு நடை வந்து அந்தாளப் பாருங்க. அவரு சம்சாரம் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டுமான்னு கேட்டுக்கினே கீது. நான் இன்னான்னு சொல்றது? வந்து நீங்களே சொல்லிடுங்க."

அவர் சவால் விடுகிறார் என்று நினைத்தேன். பட்டியலை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் பழவேற்காடு போய், அங்கிருந்து மணலில் நடந்தோம். சிஸ்டர் தன் குடையை என் பக்கமாகவும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் வீட்டு வாசலில், ஓலைப் பந்தல் நிழலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோளெலும்பு தனியாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்து எழுந்தவர், எழுந்த வேகத்தில் இருமத் தொடங்கி, இருமி முடிக்கும்வரை ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினார். அவருடைய மனைவி உள்ளிருந்து ஓடி வந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"மெட்ராஸ் ஆபீஸ்லேந்து வந்துக்கீறாங்க. உன் வூட்டுக்காரரப் பத்திச் சொல்ல," என்றார் சிஸ்டர்.

நான் பட்டியலை விரித்தேன். ஆங்கில எழுத்தில் இருந்த அவர் பெயரைப் படித்துக் காட்டி, அதற்கு நேரே இருந்த சொல்லையும் படித்தேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே. நெஞ்சு சுத்தமா இருக்கு. மிஷின் பாத்துச் சொல்லியிருக்கு."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? மெட்ராஸ் மிஷினே சொல்லிச்சி. இன்னும் இன்னாடி உனுக்கு?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நெஜமாவா யம்மா? நாளிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னு இருந்தேன். எங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லி வெச்சிக்கீறேன், தொணைக்கு வரச்சொல்லி."

"எதுக்குக்கா வீணா அலையணும்? வெறும் சளிதான். சுக்கு தட்டிப்போட்டுக் கஷாயம் வெச்சுக் குடுங்க, சரியாயிடும்."

ஆமாம், சுக்குக் கஷாயம் சொன்னேன். படித்தது கணக்கு, பார்ப்பது அட்டை வேலை, கொடுத்தது வைத்தியம். சிஸ்டர் இத்தனை வருஷ அனுபவத்தோடு வாயை மூடிக்கொண்டு நிற்க, நான் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது. திரும்பி வரும்போது சிஸ்டர் குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூக்கு உடைபட்ட கோபம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்து போயிற்று. டாக்டர் டில்லியில் ஒரு மாநாட்டில் கட்டுரை படிக்கப் போகிறார் என்று முடிவாகி, அதற்கான அட்டவணைகளை நான் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குப் படம் எடுத்தோம், எத்தனை பேருக்கு நோய். இயந்திரம் கடகடவென்று அடித்துத் தள்ளியது. டாக்டர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்த்தியாம்மா, நம்ம சிஸ்டருங்க என்னமா வேலை செஞ்சிருக்காங்க! ஒரு ஊர்லகூட ஒரு ஆளை விடல. அத்தனை பேருக்கும் படம் எடுத்திருக்காங்க," என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பெருமை.

எந்த ஊரிலாவது ஒருவர்கூட விடாமல் வந்து நிற்பார்களா? கலியாணத்துக்குப் போனவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் சமன்படுத்துகிறார்கள் என்று கூலிக்குப் போனவர்கள். இவர்களெல்லாம் எங்கே? தாளை வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். உட்காருவதற்கு முன்பே விடை தெரிந்துவிட்டது.

நாங்கள் புரோகிராம் எழுதிய மொழிக்கு ஒரு குணம் உண்டு. எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அதைக் காலி என்று அது எடுத்துக்கொள்ளாது, பூஜ்யம் என்று படித்துக்கொள்ளும். இது ஏதோ மறைந்து கிடந்த இரகசியம் அல்ல. பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்ததுதான். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியும் வைத்திருந்தேன். அப்புறம் என் கையாலேயே பூஜ்யம் என்றால் நலம் என்று வைத்தேன், படம் எடுக்காவிட்டால் காலியாக விடு என்றும் வைத்தேன். நர்சுகள் சொன்னபடி விட்டார்கள். துளை போடும் பெண்கள் காலியைக் காலியாகவே விட்டார்கள். வேன் வந்த அன்று ஊரில் இல்லாத அத்தனை பேரையும் என் புரோகிராம் நலம் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

அலமாரியைத் திறந்து அந்தக் குப்பத்தின் அட்டைக் கட்டை எடுத்தேன். அவருடைய அட்டையைக் கண்டுபிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூஜ்யத்துக்கும் அட்டையில் ஒரு துளை உண்டு. அவருக்கு முந்தைய அட்டையில், அவர் மனைவியின் நாற்பத்திரண்டாம் கட்டத்தில், அந்தச் சின்னத் துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவருடையதில் ஒன்றும் இல்லை. மறுபடியும் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். வெறும் பழுப்பு அட்டை. அவருக்கு யாரும் படமே எடுக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், அதனால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்த மனிதரைப் பற்றி அல்ல. இது வேறு யாருக்காவது தெரியுமா என்பதுதான். அறையைச் சுற்றிப் பார்த்தேன். துளை போடும் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டையைக் கட்டுக்குள் செருகி, கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

திருத்துவது சுலபம். இரண்டு வரி எழுதினால் போதும். எழுதினேன். ஆனால் கம்ப்யூட்டர் எங்களுக்குக் கிடைக்கும் மத்தியானம் வரும்வரை நான்கு நாள் காத்திருந்தேன். அவசரம் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள், ஆனால் என்ன அவசரம் என்று கேட்டிருப்பார்கள். பொன்னேரிக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். அந்த ஒரு ஆளை உடனே படம் எடுங்கள் என்று ஐந்தாறு வார்த்தை. அதையும் கொடுக்கவில்லை. புதுப் பட்டியல் அச்சானதும், 'படம் எடுக்கப்படாதவர்கள்' என்று தலைப்புப் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"இவங்கள்லாம் யாரும்மா? நேத்து வரைக்கும் ஒருத்தரும் விடலைன்னு இருந்துச்சே?"

"படம் எடுக்காம விட்டவங்க சார்."

"யாரு விட்டது?"

"ஃபீல்டுல சார்."

பொய் என்று இதைச் சொல்ல முடியாது. ஃபீல்டில்தானே விட்டார்கள். அந்த இரண்டு சொல்லை எப்படி எடுத்து வைத்தேன், டாக்டர் முகம் எப்படிக் கறுத்தது, நான் எப்படித் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன் என்பதெல்லாம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. டாக்டர் நல்ல மனிதர். 'தப்பு என்னுடையது' என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கவே மாட்டார். அதுவும் எனக்கு அப்போதே தெரியும். கணக்கு நன்றாக வரும் பெண் என்று அவர் பத்துப் பேரிடம் சொல்லியிருந்தார், அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பட்டியல் சாதாரணத் தபாலில் போயிற்று. அந்த மாதம் பொன்னேரிக்கு நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன். டாக்டர் டில்லிக்குப் போய்க் கட்டுரை படித்து வந்தார். இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பழவேற்காடு சிஸ்டருக்கு, படம் எடுக்காதவர்களைப் பற்றி ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ போயிற்று. அதன் நகல் எங்கள் பிரிவுக்கு வந்தபோது, படித்துப் பார்த்து, துளை போட்டு, ஃபைலில் கோத்து வைத்தேன். முன்கூட்டியே தெரிவித்த ஒரே ஆள் அவர். அவர் தெரிவித்தது என்னிடம்.

நல்லவேளையாக, விட்டுப்போனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இல்லை. அது என் அதிர்ஷ்டம், என் யோக்கியதை அல்ல.

மாசி மாதம் வேறு வழியில்லாமல் பொன்னேரிக்குப் போனேன். சிஸ்டர் தனியாக இருந்தார். மேடம் என்று எழுந்து நிற்கவில்லை. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"லிஸ்ட்டு வந்த அன்னிக்கே போய் இட்டாந்து படம் எடுத்தேன். ரெண்டு பக்கமும் அரிச்சிப்போய்க் கெடந்துச்சி. ஊசி போட்டோம், மாத்திரை குடுத்தோம், பெரியாஸ்பத்திரில சேத்தோம். தை பொறந்து பத்து நாள்ல பூட்டாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனுக்கு மிஷினு தெரியாது மேடம். காலியா வுட்டது நானு. காலியா வுடுன்னு எழுதி அனுப்பினது நீங்க. நடுவுல நார்மல்னு எழுதினது யாரு?"

"அது... புரோகிராம்ல ஒரு சின்ன..."

"எங்கிட்ட சொல்ல வாணாம். அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. நான் ஒரு வார்த்த சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு வுட்டு வெச்சிக்கீறேன்."

மெமோவைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசியிருந்தால் அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் பட்டாவது தப்பித்திருப்பேன்.

அன்றே பழவேற்காட்டுக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக. பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வதென்று வரி வரியாக யோசித்து வைத்துக்கொண்டேன். 'அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க வூட்டுக்காரருக்குப் படமே எடுக்கல. எடுத்ததா நெனச்சு நான்தான் தப்பா எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேணாம்னு தடுத்ததும் நான்தான்.' நாலே வரி. மனப்பாடம் செய்து, மணலில் நடந்துகொண்டே வாய்க்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன்.

அவள் வாசலில் இறாலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, கையைத் துடைத்துவிட்டு வந்து, உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அழுது தீர்த்த முகம், ஆனால் அன்றைக்கு அழவில்லை. என் எதிரில் குந்தி உட்கார்ந்து, நான் ஆரம்பிப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"யம்மா, நீ படிச்ச பொண்ணு. உன்ன ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். சிஸ்டரக் கேட்டா, நான் சொல்லக்கூடாது, அந்தப் பொண்ணு வரும், அதக் கேளுன்னுட்டாங்க. மொதமொத வேன் வந்தப்ப அவரு படம் புடிக்க வரேன்னுதான் சொன்னாரு. நான்தான், பாடு நாளு, இத வுட்டா அடுத்தது எப்பவோ, நீ ஏரிக்குப் போய்யான்னு தொரத்தி வுட்டேன். அன்னிக்கு அவரு படம் புடிக்காததாலதானே மிஷினுக்குத் தெரியாமப் பூடுச்சி? என்னாலதானே இப்டி ஆச்சி?"

நான் மனப்பாடம் செய்திருந்த நாலு வரியும் வாயில் இருந்தன. 'இல்லக்கா' என்று ஆரம்பித்தால் மீதி தானாக வந்திருக்கும். அவளுடைய கண்கள் என் முகத்திலேயே இருந்தன. அவள் உண்மையாகவே கேட்டாள், நான் என்ன சொன்னாலும் நம்புவாள். போன முறை நம்பியதைப்போல.

"ஆமாக்கா," என்றேன். "அன்னிக்குப் படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் மெல்லத் தலையாட்டினாள். "அதான். எனுக்குத் தெரியும்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றத் தொடங்கினாள். "நீ இன்னாம்மா பண்ணுவ? நாங்க வந்து நின்னாதானே உன் மிஷினுக்குத் தெரியும். அவ்ளோ தூரம் வெயில்ல நடந்து வந்து சொல்லிட்டுப் போன. அவரு கடைசி வரைக்கும் அதச் சொல்லிக்கினே இருந்தாரு, மெட்ராஸ் பொண்ணு வந்து நல்ல வார்த்த சொல்லிச்சின்னு."

அதன் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டிருப்பேன். எழுந்தபோது அவள், வெறுங்கையோடு போகாதே என்று, காய்ந்த இறாலில் நல்லதாக இரண்டு கை அள்ளி, பழைய செய்தித்தாளில் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை.

அந்தக் குப்பத்துக்கு மறுபடி நான் போகவே இல்லை. ஒரு நாள் எழுதலாம், ஒரு நாள் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, வேலை மாறி, ஊர் மாறி, எல்லாம் ஆயிற்று. அவள் தன் புருஷனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் இருந்தால், இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். ஒரு சொல்லால் அதை இறக்கி வைத்திருக்கலாம்.

அந்தப் பொட்டலத்தைப் பொன்னேரி ஸ்டேஷனில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன், போடவில்லை. வண்டி மாறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல இறால் என்று அம்மா முகர்ந்து பார்த்துச் சொன்னாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.